கீரிக்குக் கிடைத்த பாராட்டு

ஒரு காட்டில், இலந்தைப் புதர் மண்டிய மேட்டின் அடியில், ஓர் ஓடைக்கு அருகே ஒரு வளை இருந்தது. அதில் ஒரு கீரி மூன்று குட்டிகளைப் போட்டிருந்தது. இப்போதுதான் கண் திறந்த குட்டிகள். அப்பன் கீரி எங்கே என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? தாய்க்கீரியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

தாய்க்கீரிக்கு எதிலும் சந்தேகம். இலை அசைந்தால் சந்தேகம். அசையாவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

பக்கத்துப் பாறையிடுக்கில் குடியிருந்த முள்ளம்பன்றி முதலில் வந்தது.

"கீரியம்மா, உன் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறதே! நான் பகலில் எங்கேயாவது சுருண்டு படுக்கிறவள்தான். உன் வாசலிலேயே படுத்துக்கொள்கிறேன். நீ கொஞ்சம் தூங்கி எழு."

"பகலில் தூங்குகிறவள் காவல் காக்கப் போகிறாயா? அது சரி, உன் முதுகில் இருப்பது என்ன, மல்லிகைச் சரமா? என் பிள்ளை உன்மேல் உரசினால் என்ன ஆவது? போ, போ!"

முள்ளம்பன்றி கோபித்துக்கொள்ளவில்லை. "வேண்டும்போது ஒரு குரல் கொடு" என்று சொல்லிவிட்டுப் போனது.

அடுத்து ஆள்காட்டிக் குருவி வந்தது. "யாராவது வந்தால் நான் கத்துகிறேன் அம்மா. நீங்கள் கண்ணை மூடுங்கள்" என்றது.

"நீ கத்தினால் இங்கே குட்டி இருப்பது காடு முழுக்கத் தெரிந்துவிடும். உண்மையைச் சொல், உன்னை யார் அனுப்பியது?" என்று கீரி சீறியது. பாவம், குருவிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் வந்தது காட்டுப்பூனை. அது கிட்டே வரவில்லை. கீரியின் பல் எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டது. உதவுகிறேன் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"சபாஷ், தங்கச்சி! இரண்டு பேரையும் விரட்டினாய் பார், நீதான் தாய்! நானும் மூன்று பெற்றவள். யார் தயவும் இல்லாமல் தனியாகத்தான் வளர்த்தேன். பெற்றவளுக்குத் தூக்கம் எதற்கு?"

கீரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உதவ வந்தவர்களை எல்லாம் சந்தேகப்பட்ட கீரி, புகழ வந்த பூனையை மட்டும் சந்தேகப்படவில்லை.

அதன்பின் பூனை தினமும் காலையில் தவறாமல் வந்தது.

"நேற்றுத் தூங்கினாயா, தங்கச்சி?"

"இல்லை அக்கா."

"சாப்பிட்டாயா?"

"ஒரே ஒரு வெட்டுக்கிளி."

"ஆகா! உன்னைப் போல ஒரு தாய் இந்தக் காட்டில் உண்டா!"

கீரி இளைத்துத் துரும்பானது. நடந்தால் கால் தள்ளாடியது. எதிரே ஓடிய எலியை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றது. பிடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஒரு நாள் காலடியில் ஏதோ நெளிந்தது. பாம்பு! கீரி பாய்ந்து கவ்வியது. "கீச்!" என்று ஓர் அலறல் கேட்டது. கீரியின் வாயில் இருந்தது கடைக்குட்டியின் வால்.

நல்லவேளை, பல் ஆழமாக இறங்கவில்லை. ஆனால் குட்டி வளையின் மூலைக்கு ஓடி, அம்மாவைப் பார்த்து நடுங்கியது. யாரும் தொட்டுவிடக் கூடாது என்று காத்த பிள்ளை தன்னைக் கண்டே பயப்படுகிறதே என்று கீரி தேம்பித் தேம்பி அழுதது.

அன்றும் பூனை வந்தது. நடந்ததையெல்லாம் கேட்டது.

"இதற்கா அழுகிறாய்? எல்லாத் தாய்க்கும் நடப்பதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள். நாளை மறுநாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும்."

கீரியின் அழுகை சட்டென்று நின்றது. நாளை மறுநாள் என்ன முடியும்? பிள்ளைகள் ஆளாக மாதக்கணக்கில் ஆகுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. பூனை உட்கார்ந்திருந்தது ஓடைக்கு இந்தப் பக்கம்.

"சரி அக்கா, பொறுத்துக்கொள்கிறேன்" என்று குரலை மாற்றாமல் சொல்லிப் பூனையை அனுப்பிவைத்தது.

பூனையின் வால் மறைந்ததும் முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது.

"ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். காட்டுப்பூனை தன் குட்டிகளைத் தனியாகவா வளர்த்தாள்?"

"தனியாகவா!" முள்ளம்பன்றி விழுந்து விழுந்து சிரித்தது. "அவள் வேட்டைக்குப் போனால் அவள் தங்கைதான் குட்டிகளோடு படுத்திருப்பாள். அவளுக்கு உடம்பு முடியாதபோது அவள் அம்மா வந்து இரை தேடிக் கொடுத்தாள்."

கீரி தலை குனிந்தது. "அன்றைக்கு உன்னை என்னென்னவோ பேசிவிட்டேன். என்னால் முடியவில்லை. வாசலில் வந்து படுப்பாயா?" நாகத்தோடு சண்டை போடுவதைவிட இதைச் சொல்வது அதற்குக் கஷ்டமாக இருந்தது.

"அந்தக் குருவியையும் கூப்பிடு" என்றது முள்ளம்பன்றி. முகத்தை வளைக்குள் நீட்டி, முதுகை வெளியே வைத்துப் படுத்தது. குட்டிகள் பார்த்தது அதன் மூக்கையும் மீசையையும்தான். முட்கள் எல்லாம் வெளியே பார்த்தபடி நின்றன. ஆள்காட்டி மேட்டின்மேல் போய் நின்றது.

கீரி உடனே நம்பிவிட்டதா? அதுதான் இல்லை! "தூங்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த புற்றுக்குப் பின்னால் படுத்தது. ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மற்றதால் முள்ளம்பன்றியை வேவு பார்ப்பது அதன் திட்டம். மூடிய கண்ணோடு மற்றக் கண்ணும் மூடிக்கொண்டது.

அன்று மதியமே பூனை வந்துவிட்டது. நாளை மறுநாள் வரை அதற்குப் பொறுக்கவில்லை. புற்றடியில் கீரி வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக்கொட்டியது. ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. "கத்து, கத்து. இனி யார் எழுந்து வரப்போகிறார்கள்?" என்று பூனை வளைக்குப் பாய்ந்தது. வாசலில் கிடப்பது காய்ந்த புதர் என்று நினைத்து முகத்தால் தள்ளியது.

குருவியின் சத்தத்தில் விழித்திருந்த முள்ளம்பன்றி ஓரடி பின்னால் வந்தது. அவ்வளவுதான்.

பூனை போட்ட கூச்சலில் குரங்குகள் மரம் விட்டு மரம் தாவின. ஓடையில் தண்ணீர் குடித்த மான்கள் ஓட்டம் பிடித்தன. முகமெல்லாம் முள்ளோடு ஓடிய பூனையை அந்தப் பக்கம் பிறகு யாரும் பார்க்கவில்லை. கீரி மட்டும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

பொழுது சாயும்போது கீரி பதறி எழுந்தது. வளைக்கு ஓடியது. வாசல் மண்ணில் ரத்தத் துளிகள்! பாய்ந்து எட்டிப் பார்த்தது. உள்ளே மூன்று குட்டிகளும் முள்ளம்பன்றியின் மீசையை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தன.

நடந்ததைக் கேட்டதும் கீரிக்குக் கண் கலங்கியது. "என்னை எழுப்பியிருக்கக் கூடாதா? நீங்கள் எல்லோரும் பாடுபடும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேனே!"

"எழுப்புவானேன்? நீ உன் வேலையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய்!" என்றது முள்ளம்பன்றி. "போ, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வா. இருட்டும்வரை நான் இருக்கிறேன்."

கீரி இரை தேடப் புறப்பட்டது. போகிற வழியில் நாலைந்து முறை திரும்பிப் பார்த்தது. ஆனாலும் போனது.

நீதி: பெற்றவர் களைத்து விழுந்தால் பிள்ளைக்குக் காவல் இல்லை, துணையைக் கேட்டுப் பெற்று, உண்டு, உறங்கி எழுவதும் பெற்றவர் கடமையே.