வைக்கோலில் வெந்த விருந்து

முன்னொரு காலத்தில், காடும் ஆறும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு நாட்டை விசயகம்பீர ராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு, எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள். உங்களுக்குக் கதை வேண்டுமா, கல்வெட்டு வேண்டுமா? கதைதான் என்றால் பேசாமல் கேளுங்கள்.

ராஜா நல்லவர்தான். ஆனால் கொஞ்சம் அழகுப் பைத்தியம். அரண்மனையில் புதிதாக ஒரு மண்டபம் கட்டி, அதன் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து பூசி, முகம் தெரியும் அளவுக்கு இழைக்கச் சொல்லியிருந்தார். காலையில் எழுந்ததும் அந்தச் சுவரின் முன்னால் நின்று மீசையை முறுக்கிக்கொண்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். ஒருநாள் அப்படி முறுக்கும்போது பார்க்கிறார், சுவரில் அவருடைய மீசைக்கு மேலே கன்னங்கரேலென்று இன்னொரு மீசை!

துடைத்தார். போகவில்லை. அது கரி. சமையற்கட்டிலிருந்து வரும் புகை மண்டபத்துச் சுவரில் படிந்திருந்தது.

அவ்வளவுதான், ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. சபையைக் கூட்டினார். "நாளை முதல் சமையற்கட்டுப் புகை ஓர் இழைகூட வெளியே வரலாகாது. வந்தால், சமையற்கட்டுத் தலைவி அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும். இது நம் ஆணை!" என்றார்.

சமையற்கட்டுத் தலைவி என்பது பூவாத்தாள். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்து, அப்போதே அரண்மனை அடுப்படிக்கு வந்தவள். அதைத் தவிர அவளுக்கு வேறு வீடு கிடையாது. காலமெல்லாம் புகையில் நின்று கண் இரண்டும் மங்கிவிட்டன. ஆளின் முகம் தெரியாது, உருவம்தான் நிழலாகத் தெரியும்.

ஆணையைக் கேட்டதும் ஒருவருக்கு மட்டும் வாயெல்லாம் பல். அவர் அழகாத்திரி, விறகுக் கிடங்கின் அதிகாரி. அரண்மனை விகடகவி தாண்டவராயனைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். தான் குனிந்து குனிந்து கும்பிட்டும் திரும்பிப் பார்க்காத ராஜா, தாண்டவராயன் தும்மினால்கூடச் சிரிக்கிறாரே என்று. போதாக்குறைக்கு, "கிடங்கிலிருந்து ஈர விறகுதானே வருகிறது, புகையாமல் என்ன செய்யும்?" என்று தாண்டவராயன் நாலு பேர் நடுவில் கேட்டும் வைத்திருந்தான்.

அழகாத்திரி எழுந்து, "மகாராஜா! இந்த அரிய காரியத்தைத் தாண்டவராயர் ஒருவரால்தான் முடிக்க இயலும். பொறுப்பை அவரிடமே ஒப்படைக்க வேண்டுகிறேன்" என்றார். குரலில் அப்படி ஒரு தேன்.

"என்ன தாண்டவராயா, முடியுமா?" என்று ராஜா கேட்டார்.

"தங்கள் ஆணை ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேறும், மகாராஜா. ஓர் இழைப் புகைகூட வெளியே வராது" என்றான் தாண்டவராயன்.

சபை கலைந்ததும் பூவாத்தாள் அவன் காலடிச் சத்தத்தை வைத்தே வழிமறித்தாள்.

"ஏன் தம்பி, உனக்கு என்ன பைத்தியமா? அடுப்புன்னு இருந்தா புகை வராமப் போகுமா? நான் எங்கே போவேன் சொல்லு. இங்கேன்னா உப்பு ஜாடி எது, புளிப் பானை எதுன்னு கையே தேடிப் போயிடும். புது இடத்துல என்னை வச்சு யாரு சோறு போடுவா?"

"அக்கா, நீங்க எங்கேயும் போகப் போறதில்லை. நாளைக்குக் காலையில மட்டும் எல்லாரையும் கூட்டிக்கிட்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போயி உட்காருங்க. நான் கூப்பிட்டா வாங்க."

மறுநாள் காலையில் தாண்டவராயன் சமையற்கட்டின் சன்னல்களைக் களிமண் வைத்து அடைத்தான். கூரையிடுக்கில் சாக்கைத் திணித்தான். பிறகு எல்லா அடுப்பிலும் கிடங்கு விறகை வைத்துப் பற்றவைத்துவிட்டு, கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைச் செருகினான். வெளியே ஒரு பொட்டுப் புகை இல்லை. ராஜா மாடத்தில் நின்று பார்த்துவிட்டு, "சபாஷ்!" என்று கைதட்டினார். அழகாத்திரியின் முகம் தொங்கிப்போயிற்று.

தாண்டவராயன் வந்து வணங்கினான். "மகாராஜா, ஆணைப்படி புகை முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் உள்ளேயே பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஒருமுறை எழுந்தருளிப் பார்வையிட வேண்டும்."

ராஜா பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். கூடவே பூவாத்தாளும் அழைக்கப்பட்டாள். கதவு திறந்தது. ராஜா உள்ளே காலை வைத்தார். அம்மாடி! கண்ணில் மிளகாயைத் தேய்த்தது போல் இருந்தது. இருமல், தும்மல், மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். வாசல் எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் புகைக்குள் ஒரு கை வந்து அவர் தோளை அழுத்தியது.

"ராசா, நிமிர்ந்து நிக்காதீங்க. குனிஞ்சு உட்காருங்க. கீழே புகை கொஞ்சம் கம்மியா இருக்கும். முந்தானையைப் புடிச்சுக்குங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

பூவாத்தாள் ஒரு இருமல்கூட இருமாமல் ராஜாவை வெளியே கொண்டுவந்து சேர்த்தாள். ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்.

"பூவாத்தா, இதில் நீ எப்படி நிற்கிறாய்?"

"பழக்கம்தான் ராசா. மழைக்காலம் வந்தா பாதி நாள் இப்படித்தானுங்க இருக்கும். சன்னலைத் திறந்தா சாரல் அடிச்சு அடுப்பு அணைஞ்சுரும். உங்களுக்குச் சோறு நேரத்துக்கு வரணுமில்ல?"

தாண்டவராயன் அருகே வந்து சொன்னான். "மகாராஜா, வெளியே வரக்கூடாது என்றால் இது இங்கேதான் இருக்கும். வேறு எங்கே போகும்?"

"போதும். திறந்துவிடு. சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடு" என்றார் ராஜா.

இதோடு கதை முடிந்திருக்கும். அழகாத்திரி முடிய விட்டால்தானே! மறுநாள் சபையில் எழுந்தார். "மகாராஜா, புகை வந்தால் சமையற்கட்டுத் தலைவி வெளியேற வேண்டும் என்பது சபையில் இட்ட ஆணை. இன்று காலை புகை வந்தது, ஊரே பார்த்தது. அரசர் வாக்கு காற்றோடு போகலாமா?"

ராஜாவுக்குத் தர்மசங்கடம். இட்ட ஆணையைச் சபை நடுவே விழுங்கவும் முடியவில்லை, பூவாத்தாளைப் போகச் சொல்லவும் மனமில்லை. அதைப் பார்த்த அழகாத்திரி அடுத்த வலையை விரித்தார். "வேண்டுமானால் தாண்டவராயருக்கு இன்னொரு வாய்ப்புத் தரலாம். நாளைச் சூரியன் உதித்தது முதல் சமையற்கட்டு அடுப்பில் நெருப்பே இருக்கலாகாது. ஆனால் உச்சிவேளையில் சபையோர் அனைவருக்கும் ஆவி பறக்க விருந்து வர வேண்டும். வெளியில் சமைத்துக் கொண்டுவருதலும் கூடாது. தவறினால் அவரும் அந்த அம்மாளோடு கிளம்பட்டும்."

"சூரியன் உதித்தது முதல் என்றுதானே சொன்னீர்கள்?" என்று தாண்டவராயன் கேட்டான்.

"ஆம், உதித்தது முதல்!"

"சபையோர் அனைவரும் கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா? ஒப்புக்கொள்கிறேன்."

ஒப்புக்கொண்டானே தவிர, உச்சிவேளைவரை ஆவி அடங்காமல் காப்பது எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை. தன் வேடிக்கை ஒரு கண் தெரியாத பெண்ணின் சோற்றில் மண்ணைப் போட்டுவிடுமோ என்று கலங்கிப்போய், மத்தியானம் தாண்டி வெகுநேரம் கழித்து வீட்டுக்குப் போனான். மனைவி மரகதம் பக்கத்து வீட்டு வாசலில் கதை பேசிக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து ஒரு கூடையைத் திறந்தாள். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் பானை. பானையிலிருந்து வட்டிலில் விழுந்த கஞ்சியில் ஆவி!

தாண்டவராயன் இத்தனை வருஷமாக அந்தக் கஞ்சியைக் குடிக்கிறான். ஒருநாளாவது, எந்நேரம் வந்தாலும் இது எப்படிச் சூடாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறானா? அன்றைக்குத்தான் கேட்டான்.

"அதென்ன பெரிய அதிசயமா?" என்றாள் மரகதம். "காலையில ஒரு கொதி விட்டு, இறுக்கி மூடி, பானையை வைக்கோலுக்குள்ள புதைச்சு, மேலே பழைய போர்வையைப் போட்டு அமுக்கிடுவேன். மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கும். அடுப்புக்கு முன்னால உட்கார்ந்து ஊதிக்கிட்டே இருந்தா, நான் எப்போ நாலு வார்த்தை பேசுறது?"

தாண்டவராயன் வட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அட, என்ன இது? கஞ்சியில உப்பு போட மறந்துட்டேனா?" என்றாள் அவள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் அழகாத்திரியே நேரில் சமையற்கட்டுக்கு வந்தார். அடுப்பெல்லாம் சாணம் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. ஒரு அடுப்பின் மேல் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சுவரோரமாக ஆளுயரக் கூடைகள், போர்வை போர்த்தி வரிசையாக நின்றன. ஒரு போர்வையைத் தூக்கிப் பார்த்தார். வைக்கோல். பெண்கள் எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அழகாத்திரி குதிக்காத குறையாகச் சபைக்கு ஓடினார். "மகாராஜா! அரண்மனை அடுப்பில் பூனை தூங்குகிறது! இன்று நமக்கெல்லாம் வைக்கோல்தான் விருந்து!" சபையே சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

உச்சிவேளை வந்தது. இலை போட்டாயிற்று. சேவகர்கள் கூடைகளைத் தூக்கிவந்து சபை நடுவே வைத்தார்கள். தாண்டவராயன் ஒரு போர்வையை விலக்கி, வைக்கோலைத் தள்ளி, பானையின் மூடியைத் திறந்தான். குபீரென்று எழுந்த ஆவியில் அவன் முகமே மறைந்துபோயிற்று. நெய்யும் மிளகும் சீரகமுமாக வெண்பொங்கல் வாசனை மண்டபத்தை நிறைத்தது. அடுத்த கூடையில் பூசணிக்கூட்டு. அதற்கடுத்ததில் குழையக் குழைய வெந்த பாசிப்பருப்புப் பாயசம்.

"அப்பளம் மட்டும் இல்லை, மகாராஜா. வைக்கோலுக்கு இன்னும் பொரிக்கத் தெரியவில்லை" என்றான் தாண்டவராயன்.

அழகாத்திரி துள்ளி எழுந்தார். "மோசம்! விடியுமுன் நெருப்பு மூட்டியிருக்கிறான்!"

"ஆம், மூட்டினோம். ஒரே ஒரு கொதிக்கு மட்டும். சூரியன் உதித்தது முதல் என்று இரண்டு முறை சொன்னவர் தாங்கள்தானே ஐயா?"

"அப்படியென்றால் புகை வந்திருக்குமே!"

"வராது. நல்ல காய்ந்த விறகு. அதுவும் கொஞ்சம்தான் பிடித்தது."

"காய்ந்த விறகா? அது உனக்கு எங்கிருந்து கிடைத்தது?" அழகாத்திரி அவசரத்தில் கேட்டுவிட்டார்.

"தங்கள் வீட்டுக் கொல்லையில், ஐயா. அரண்மனை முத்திரை போட்ட காய்ந்த விறகு கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ராஜ காரியம் என்றேன், தங்கள் காவற்காரர்களே தூக்கிவிட்டார்கள். அரண்மனைக்கு வரும் விறகுதான் பச்சை மரம்."

ராஜா அழகாத்திரியைப் பார்த்தார். பிறகு கரி மீசை படிந்த அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "ஓய் அழகாத்திரி! உமக்கும் ஒரு பரிசு உண்டு. யாரங்கே, இவர் கையில் ஓர் ஊதுகுழலைக் கொடுங்கள். இந்த மழைக்காலம் முடியும்வரை அரண்மனைக் குதிரைகளுக்குக் கொள் அவிக்கும் அடுப்பு இவர் பொறுப்பு. விறகு, இவர் அனுப்பிய அதே விறகு!"

"தாண்டவராயா, நீ கேள். என்ன வேண்டுமானாலும் கேள்" என்றார் ராஜா, விகடகவியின் பக்கம் திரும்பி.

"இந்த வித்தை என் மனைவி மரகதத்தினுடையது, மகாராஜா. ஆகையால் பரிசு அவளுக்குப் போகட்டும். இப்படி ஒரு கூடை ஊரிலுள்ள வீட்டுக்கெல்லாம் கிடைத்தால் அவளுக்கு ஊர் முழுக்கக் கதை பேச ஆள் சேரும். காட்டில் மரமும் மிஞ்சும். எனக்கு ஒன்றே ஒன்று. இன்றைய பந்தியில் முதல் இலை பூவாத்தாள் அக்காவுக்குப் போட வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா. ஆனால் அவர் சேவகர்களைக் கூப்பிடவில்லை. கிரீடத்தைக் கழற்றி ஆசனத்தில் வைத்துவிட்டு, மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, தாமே கரண்டியை எடுத்தார்.

பூவாத்தாளை அழைத்துவந்து இலைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அவளுக்கு எதிரே ஓர் உருவம் குனிவது மட்டும் தெரிந்தது. பொங்கல் இலையில் விழுந்தது. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"யாருப்பா பரிமாறுறது? புது ஆளா? பொங்கல்ல நெய் மிதக்க வேணாம்? ஒரு சொட்டு ஊத்திட்டு ஓடுறியே, என்னமோ உங்க அப்பன் வீட்டு நெய் மாதிரி!"

சபையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராஜா நெய்ச் செம்பை முழுவதுமாகக் கவிழ்த்தார். "என் அப்பன் வீட்டு நெய்தான், அம்மா. கஞ்சத்தனம் பண்ணிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்றார்.

குரலைக் கேட்டதும் பூவாத்தாள் பதறியடித்து எழப் பார்த்தாள். ராஜா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார், முந்தாநாள் புகைக்குள் அவள் அவரை உட்காரவைத்த மாதிரியே.

"உட்காருங்கள். நான் உண்ட ஒவ்வொரு கவளத்துக்கும் நீங்கள் கண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணைத் திருப்பித் தர என்னால் ஆகாது. சாகும்வரை நன்றியோடு இருக்க ஆகும். இனி இந்த வீட்டில் ஒரு கண்ணும் புகையில் கலங்காது. நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ருசி பார்த்துச் சொன்னால் போதும்."

பூவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் ராசா" என்றாள். தாண்டவராயன் இருக்கும் பக்கம் திரும்பி, "நீயும் நல்லா இருக்கணும் தம்பி, உன் வீட்டுக்காரியும் நல்லா இருக்கணும்" என்றாள். இன்னொரு பிடி பொங்கலை எடுத்து, நிதானமாக மென்று, ருசி பார்த்தாள்.

"ருசி பார்க்கச் சொன்னீங்களே, சொல்லிடட்டுங்களா ராசா? உப்பு ஒரு கை கம்மி."

ராஜா சிரித்த சிரிப்பில் அடுப்பில் தூங்கிய பூனை எழுந்து ஓடியது. உப்பு ஜாடியை எடுத்துவர அவரே போனார். எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வெகுநேரம் தேடினார் என்பது வேறு விஷயம்.

அந்தப் பந்தியில் வயிறார உண்டவர்களெல்லாம் நன்றாக வாழ்ந்தார்கள். நீங்களும் எழுந்து போய், உங்களுக்குச் சோறு ஆக்கியவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.