ஐந்தாவது பறவை

“அம்மா! அஞ்சாவது கிடைச்சிருச்சு!”

கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பொன்னுரங்கம் ஓடிவந்தார். அந்த மலை ஆசிரமத்தில் நரை விழுந்த சீடர் அவர் ஒருவர்தான். குரு யசோதைக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

“மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க.”

“பச்சை மேக்பைன்னு காக்கா இனத்துப் பறவை இருக்குல்ல, அதுல நாலு வகைதான் உண்டு. நாலும் பச்சை. இது நீலம்! அதே சிவப்பு அலகு, கண்ணைச் சுத்தி அதே கறுப்புப் பட்டை. பாருங்க, இதுக்கு என் பேரையே வைக்கப்போறாங்க!”

மனுஷன் துள்ளியதில் தப்பில்லை. ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கூத்தில் கோமாளி வேஷம் கட்டியவர். வாயைத் திறந்தால் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆசிரமத்துக்கு வந்த பிறகு அந்த வாயில் குரு சொன்னதைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. தனக்கென்று ஒன்றாவது வேண்டாமா?

“எங்க பிடிச்சீங்க?”

“அடிவாரத்துல ஒரு வீட்டுல குஞ்சுலேர்ந்து வளர்த்தாங்களாம். கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்.”

“என்ன போட்டு வளர்த்தாங்களாம்?”

“சோறுதான்.”

“பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கட்டும். அப்புறம் ஊருக்குச் சொல்லலாம். அதுவரைக்கும் வெட்டுக்கிளி பிடிச்சுப் போடுங்க.”

மழைக்காலம் முழுக்கப் பொன்னுரங்கம் புதர் புதராகக் குனிந்து திரிந்தார். வெட்டுக்கிளி, புழு, தவளைக்குஞ்சு எதையும் விடவில்லை. பறவை கொழுத்தது. இறகு உதிர்ந்தது.

ஒருநாள் காலை அலறல் கேட்டது.

“அம்மா, மோசம் போயிட்டேன்!”

கூண்டுக்குள் பச்சைப்பசேலென்று உட்கார்ந்திருந்தது மேக்பை.

“அப்போ அஞ்சாவதுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா?” பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

யசோதை பறவையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

“சோறு தின்னு நீலமாச்சு, பூச்சி தின்னதும் சொந்த நிறம் திரும்பிடுச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“கிடைச்சதை. திருவிழாக் கடை வடை, சந்தைத் தூசி, சனங்க திட்டு, சனங்க சிரிப்பு...”

“இங்க வந்து?”

“நீங்க போட்ட சோத்தை.”

சொன்னவர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அடுக்களையில் இருந்தவர்கள்கூட வெளியே வந்து பார்க்கும்படி சிரித்தார்.

கூண்டைத் திறந்துவிட்டார். பறவை ஒரு கத்துக் கத்திவிட்டுக் காட்டுக்குள் போனது.

அவர் உள்ளே ஓடி, மூட்டையிலிருந்த கோமாளிக் குல்லாவை உதறித் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார்.

“அம்மா, அஞ்சாவது வகை கிளம்புது. தயவுசெஞ்சு வழிக்குச் சோறு மட்டும் கட்டிக் குடுத்துடாதீங்க!”

யசோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.