கல்யாண வீட்டு வாசலில் சிவப்புக் காகிதம்

சிங்கப்பூரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சின்னம்மா என்று ஒரு குரு இருந்தார். கீழே சைக்கிள் கடை, மேலே தியான அறை. அவருடைய குருவை எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிட்டதால் இவர் சின்னம்மா ஆகிவிட்டார். வயது நாற்பதுதான். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

பூவராகன் அப்படி வருகிறவர். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்து வந்து, கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராகி, நிரந்தரவாச உரிமை வாங்கி, ஒரு அடுக்குமாடி வீட்டையும் வாங்கியவர். நல்ல மனிதர். என்ன, எதையும் முதலில் பயந்துவிட்டு அப்புறம்தான் பார்ப்பார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் மாடிப்படியில் ஓடி வந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அம்மா, எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேணும்."

"உக்காருங்க அண்ணே."

"உக்கார நேரமில்ல. போலீஸ் வர்ற நேரம்."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. நான்தான் கூப்பிட்டேன்."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே கிழிந்துபோன ஒரு சிவப்புக் காகிதம் இருந்தது. ஓரத்தில் பசை காய்ந்து வெள்ளையாகப் பொருக்கு தட்டியிருந்தது.

"கோதைக்கு நாளன்னைக்குக் கல்யாணம். நேத்துதான் வாசல்ல மாவிலை கட்டினோம். காலையில கதவைத் திறந்தா, தோரணத்துக்குக் கீழ இது ஒட்டியிருக்கு. கீழ போய்ப் பார்த்தா சாவுக் கொட்டகை போட்டுக்கிட்டிருக்காங்க. எங்க தளத்துல கோடி வீட்டு சீனப் பாட்டி செத்துப்போச்சு."

"சரி."

"அது மகன் பூன் செங். விடியக்காலையில அவன் எங்க வாசல்ல நின்னதை எங்க வீட்டுக்காரி சன்னல் வழியாப் பார்த்திருக்கா. கையில பசை டப்பா!"

"அவர் ஏன் ஒட்டணும்?"

"ஏனா? கொஞ்ச நாள் முன்ன அவங்க முன்னோருக்குக் காகிதம் கொளுத்தினாங்க. சாம்பல் பறந்து வந்து எங்க துணியில எல்லாம் விழுந்துச்சு. நான் சத்தம் போட்டேன். 'இங்க இப்படித்தான்'னு அரைகுறை இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போனான். அதை மனசுல வச்சுக்கிட்டு, அவங்க வீட்டுச் சாவை என் வாசல்ல ஒட்டிட்டான். கல்யாணப் பொண்ணு இருக்கிற வீடு அம்மா!"

கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. காகிதத்தைப் படம் எடுத்து ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே போட்டிருந்தார். ஒருவர் கடனைக் கேட்டு மிரட்டும் வட்டிக்காரன் வேலை என்று எழுதியிருந்தார். இன்னொருவர் சூனியம் என்றார். மூன்றாமவர் எதையும் விசாரிக்காமல் 'விடாதீங்க' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குத்தான் நிறையக் கைதட்டல்.

"போலீஸ் வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார் சின்னம்மா.

"இந்த நாட்டுல இன விவகாரம்னா சும்மா விடமாட்டாங்க. கூட்டிட்டுப் போய் விசாரிப்பாங்க."

"அவரோட அம்மா கீழ சவப்பெட்டியில படுத்திருக்கும்போதா?"

பூவராகன் அப்போதுதான் உட்கார்ந்தார். பிறகு அவர் குரல் உடைந்தது.

"நான் என்ன பண்ணுவேன்? எனக்கும் ஒரே பொண்ணு. எங்க மேல தப்பே இல்லம்மா. வேலைக்குப் போறோம், வரி கட்டுறோம், யார் வம்புக்கும் போறதில்ல. ஆனாலும் லிஃப்ட்ல நாங்க ஏறினா நாலு பேர் பேச்சை நிறுத்துறாங்க. இங்கயே பிறந்த தமிழ் ஆளுங்ககூட எங்களை 'ஊர்க்காரங்க', இந்தியாவுலேர்ந்து வந்தவங்கன்னுதான் சொல்றாங்க. இதைக் கேக்கத்தான் வந்தேன். எப்ப அம்மா இது எங்களுக்கும் ஊராகும்?"

சின்னம்மா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"உங்க வாசல்ல மட்டும்தான் ஒட்டியிருந்துச்சா?"

"எங்க வாசலைத்தான் பார்த்தேன்."

"மத்த வாசல்?"

"மத்த வாசலை நான் எதுக்குப் பார்க்கணும்?"

சின்னம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

நடக்கிற தூரம்தான். வழியெல்லாம் பூவராகன் புலம்பிக்கொண்டே வந்தார். காகிதத்தைக் கையால் தொட்டுக் கிழித்தது தப்போ, அந்தத் தோஷம் கோதையைப் பிடித்துக்கொள்ளுமோ, மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அடுக்கினார். சின்னம்மா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

"சிவப்பு விளக்கு எரியுது அண்ணே. நில்லுங்க."

பூவராகன் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். ஊதுபத்திப் புகை சூழ்ந்திருந்தது. பெட்டிக்கு முன்னால் அந்தப் பாட்டியின் படம், பல் இல்லாத சிரிப்போடு. சின்னம்மா நின்று கைகூப்பினார். பூவராகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மின்தூக்கிக்கு ஓடினார். கல்யாண வீட்டுக்காரர் சாவு வீட்டைப் பார்க்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் யாரும் இந்த மாதிரிப் புளோக்கில் குடியிருந்ததில்லை.

பூவராகனின் தளத்தில் மின்தூக்கிக் கதவு திறந்தது. நீளமான தாழ்வாரம்.

முதல் வீடு மலாய்ப் பெண் ரொஸ்னாவுடையது. வாசலுக்கு மேலே அரபு எழுத்தில் ஒரு பலகை. அதற்குக் கீழே நிலையில் ஒரு சிவப்புக் காகிதம்.

அடுத்த வீடு ஒரு பிலிப்பினோ குடும்பத்தின் வீடு. கதவில் சிலுவை. பக்கத்தில் சிவப்புக் காகிதம்.

அதற்கடுத்த வீட்டில் யாரும் குடியில்லை. அங்கேயும் ஒன்று ஒட்டியிருந்தது.

பூவராகனின் நடை தளர்ந்தது. பேச்சு நின்றது. சாவு வீட்டைத் தவிர, தாழ்வாரத்தில் காகிதம் இல்லாமல் இருந்தது அவர் வீடு ஒன்றுதான். மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, கிழித்த இடத்தில் ஒரு துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

குரல் கேட்டு ரொஸ்னா எட்டிப் பார்த்தாள். சின்னம்மா காகிதத்தைக் காட்டி மலாயில் ஏதோ கேட்டார். ரொஸ்னா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"என்ன சொல்லுது அந்தம்மா?"

"அவங்களுக்கு இதுல நம்பிக்கை கிடையாதாம். பூன் செங்குக்கு இருக்காம். ஒட்டிட்டுப் போகட்டும், அப்பத்தான் அவர் நிம்மதியா அழுவாருன்னு சொல்றாங்க."

பூவராகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கை மட்டும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. உடம்புக்குச் சில விஷயங்கள் முந்தித் தெரிந்துவிடும்.

அப்போது கோடி வீட்டிலிருந்து பூன் செங் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, அதன் கையில் துக்கத்துக்கு அடையாளமாக ஒரு சின்னக் கறுப்புத் துணி குத்தியிருந்தது. தூங்காத கண்கள். பூவராகனின் வாசலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வேகமாக உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பசை டப்பாவும் புதிதாக வெட்டிய ஒரு சிவப்புக் காகிதமும் இருந்தன.

"பார்த்தீங்களா, மறுபடியும்!" என்றார் பூவராகன். ஆனால் அந்தக் குரலில் காலையில் இருந்த கோபம் இல்லை.

பூன் செங் வாசலுக்கு ஓரடி தள்ளியே நின்றுவிட்டார். தோரணத்தின் நிழல்கூடத் தன்மேல் படாமல் பார்த்துக்கொண்டார். மலாயில் தணிந்த குரலில் பேசினார். சின்னம்மா எதையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார்.

"காத்துல பறந்துபோச்சு போல, மன்னிச்சுக்குங்கன்னு சொல்றார். ஒரு வீட்டுல சாவு விழுந்தா அந்த வீட்டுக்காரங்க அக்கம்பக்கத்து வாசல்ல எல்லாம் சிவப்பு ஒட்டணுமாம். சாவு அடுத்த வீட்டுக்குள்ள போகாம அது தடுக்குமாம். பெட்டியை எடுத்தப்புறம் அவரே வந்து எல்லாத்தையும் எடுத்துடுவாராம்."

பூவராகன் தன் வாசலில் மிச்சமிருந்த துணுக்கைப் பார்த்தார்.

"அப்ப ஏன் கதவைத் தட்டிச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

சின்னம்மா கேட்டார். பதில் வந்தது.

"துக்கத்துல இருக்கிறவங்க யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாதாம். உங்க வாசல்ல மாவிலை இருந்ததைப் பார்த்தாராம். நீங்க தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இவ்வளவு கட்டறதில்லையாம், அதனால கல்யாணமா இருக்கும்னு நினைச்சாராம். பயந்துபோயிட்டாராம். அம்மாவுக்குத் துணிகூட மாத்தாம, முதல் காகிதத்தை இங்கதான் ஒட்டினாராம்."

வெட்கம் பூவராகனின் கழுத்து வரைக்கும் ஏறியது. கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பூன் செங்கிடம் நீட்டினார்.

பூன் செங் உள்ளே பார்த்தார். கிழிசலைப் பார்த்தார். காற்று அப்படிக் கிழிக்காது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூவராகனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையை மடித்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, புதுக் காகிதத்தின் முதுகில் பசை தடவ ஆரம்பித்தார்.

மின்தூக்கியின் கதவு திறந்தது. இரண்டு போலீஸ் அதிகாரிகள் இறங்கினார்கள். ஒருவர் இளம் பெண். தாழ்வாரத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பூவராகனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது. பூன் செங்கைக் காட்டினால் அவரைக் கூட்டிப் போவார்கள், கீழே அந்தப் பாட்டி தனியாகக் கிடப்பாள். தப்பு என்னுடையது என்றால் பொய்ப் புகார் என்பார்கள், நிரந்தரவாசத்தைப் புதுப்பிக்கும்போது கேள்வி வரும், கல்யாண நேரத்தில் காவல் நிலையத்தில் உட்கார வேண்டும். கோதை என்ன நினைப்பாள்? சம்பந்தி என்ன நினைப்பார்?

"புகார் கொடுத்தது யார்?" என்று அந்த அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

பூவராகன் சின்னம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"அம்மா, நான் இப்ப என்ன சொல்லட்டும்?"

"முதல்ல அந்த மூலையைப் பிடிங்க. கோணலாப் போகுது."

பூன் செங் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தார். மறுபக்கம் நிலையிலிருந்து பிரிந்து தொங்கியது. பூவராகன் கையை உயர்த்தி அந்த மூலையைப் பிடித்தார். இருவர் விரல்களிலும் சிவப்புச் சாயம் ஒட்டியது.

"சார், புகார் கொடுத்தது யாருன்னு கேட்டேன்."

"நான்தான்," என்றார் பூவராகன்.

"யார் மேல?"

"இவர் மேல கொடுத்தேன். இவர் ஒண்ணும் பண்ணல. என் பொண்ணுக்கு எதுவும் ஆகிடக் கூடாதுன்னு ஒட்டினதை, விவரம் தெரியாம, நான்தான் கிழிச்சேன். படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினதும் நான்தான். அவங்களுக்கும் நானே சொல்லிடறேன்."

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். பூன் செங்கின் சட்டைக் கையில் குத்தியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார். மற்ற வாசல்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கீழே வாங்க சார். நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கணும்."

பூவராகன் தலையாட்டினார். அவர் பயந்தது இதற்குத்தான். ஆனால் இப்போது ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொள்ளலாம் என்று மூலையிலிருந்து விரலை எடுக்கப் போனார்.

"கையை எடுத்துடாதீங்க அண்ணே," என்றார் சின்னம்மா. "பசை இன்னும் காயல."