கஞ்சி குடித்த ஸ்பீக்கர்

ஒரு சின்ன ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருத்தர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். அவரிடம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. மேடைக்கு வலப்பக்கம் நிற்பது வலத்தான். இடப்பக்கம் நிற்பது இடத்தான். இரண்டுக்கும் முகத்தில் வெள்ளைத் துணி. கல்யாண வீட்டுக்கு எடுப்பாக இருக்கட்டுமே என்று அவரே ஆசைப்பட்டு மாட்டியது.

வெள்ளையை வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. வண்டியில் ஏற்றுகிற கை, பந்தல் கட்டுகிற கை, வடை தின்ற கை எல்லாம் அந்த முகத்தில்தான் துடைத்துக்கொண்டன. போதாததற்கு ஆயுத பூசை வேறு. ஆவுடையப்பன் மஞ்சள் கலந்த சந்தனத்தைக் குழைத்து, பெட்டிக்கு மூன்று பொட்டு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார். பூசை முடிந்தது. பொட்டு முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரில் புதுத் தண்ணீர்த் தொட்டி திறப்பு வந்தது. பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் காலையிலேயே ஆள் அனுப்பாமல் தானே வந்துவிட்டார். அவர் வேட்டி நடந்தால் மொடமொடவென்று சத்தம் போடும். அவ்வளவு கஞ்சி.

"ஆவுடையப்பா, நான் நிக்குத மேடையில இந்தக் கறைமூஞ்சிப் பெட்டியளா? என் வேட்டி மாதிரி இருக்கணும், ஆமா."

அவர் போனதும் ஆவுடையப்பன் பெட்டிகளைப் பார்த்துக் கத்தினார். "சாயங்காலத்துக்குள்ள எது வெளுக்கலையோ, அது துணியைக் கிழிச்சு அடுப்படிக் கரித்துணியாப் போட்டுருவேன்!"

"கரித்துணியாவா?" என்று இடத்தான் முனகியது. வலத்தான் மட்டும் சிரித்தது.

"பயப்படுதியாக்கும்? வெளுக்குறவனுக்கு எந்தக் காலத்திலயும் குறைச்சல் இல்லைடா தம்பி. பிரசிடெண்ட் வேட்டி எப்படி வெளுத்துதோ அப்படி நானும் வெளுப்பேன்."

ஆவுடையப்பன் வலத்தானை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி கோமதி இடத்தானை இழுத்துக்கொண்டாள்.

வலத்தானைச் சுற்றி ஒரு பட்டாளமே கூடியது. முதலில் சோப்புத்தூள் பாய்ந்தது. அது பட்டதும் மஞ்சள் பொட்டு ரத்தச் சிவப்பாக மாறியது.

"ஐயையோ, பழையதுக்கு மோசமால்லா ஆயிட்டு!" என்று வலத்தான் அலறியது.

"விலகு, விலகு. கறையை வெளியே இழுத்துவிடுறது அவன் வேலை, முடிச்சு வைக்கிறது என் வேலை" என்று பிளீச்சிங் பவுடர் வந்தது. அது கறையைத் தின்றது. கூடவே நூலையும் கொஞ்சம் தின்றது.

நைலான் பிரஷ் வந்து பறட் பறட்டென்று தேய்த்தது. துணி பூனை முதுகு மாதிரி சிலிர்த்தது. "எரியுதுய்யா" என்றது வலத்தான்.

"பெரிய மனுசன் ஆகணும்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்றது பிரஷ்.

சொட்டு நீலம் வந்து ஒரு முங்கு. கடைசியாகக் கஞ்சி வந்தது. கெட்டிக் கஞ்சி. "நூல் நைஞ்சு போச்சே, ஓட்டை தெரியுதேன்னு கவலைப்படாத. ஒவ்வொரு கண்ணையும் நான் அடைச்சுருதேன். ஊர்ல எத்தனை ஓட்டையை நான் மறைச்சிருக்கேன், தெரியுமா?" என்று சொல்லித் துணி முழுக்கப் படர்ந்து உட்கார்ந்தது.

வெயிலில் காய்ந்ததும் வலத்தான் கொக்காட்டம் ஆகிவிட்டது. சுண்டினால் டண் டண் என்று தகரம் மாதிரி கேட்டது.

இந்தப் பக்கம் கோமதி அவசரப்படவில்லை. துணியைச் சட்டத்தோடு மெதுவாக நெம்பிக் கழற்றினாள். புருசனின் பழைய சவர பிரஷ்ஷை உலர்ந்தபடியே எடுத்துத் தூசியைத் தட்டினாள்.

"தண்ணி ஊத்தலையா?" என்று இடத்தான் கேட்டது.

"தூசி போகாம தண்ணி ஊத்துனா சேறுல்லா ஆகும்" என்றது சவர பிரஷ். "எத்தனை மூஞ்சி பார்த்திருக்கேன். முரட்டுத்தனம் பண்ணினா ரத்தம்தான் வரும்."

பிறகு கோமதி வெதுவெதுப்பான தண்ணீரில் பிள்ளைக்குத் தேய்க்கிற சோப்பைக் கொஞ்சமாகக் கரைத்தாள். கிழிந்த வெள்ளைப் பனியனை அதில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள். கைக்கறை வந்தது. வடை எண்ணெய் வந்தது. மஞ்சள் மட்டும் லேசாக நின்றது.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயேன் தாயி, என்னைக் கிழிச்சுருவாரே" என்று இடத்தான் அழுதது.

"அழுத்தினா உன் கண்ணு விரிஞ்சிரும்" என்றது பனியன். "மிச்ச மஞ்சளை வெயில் நாலு நாள்ல தின்னுரும். உனக்கு வேலை வெளுக்குறதா, பேசுறதா?"

பொழுது சாய்ந்தது. ஆவுடையப்பன் கத்திரிக்கோலோடு வந்தார். "மஞ்ச தெரியுதுல்லா? எடு துணியை."

கோமதி குறுக்கே நின்றாள். "மாத்துத் துணி கையில இருக்கா? அம்மணமாவா கொண்டு நிறுத்தப் போறிய? கூட்டம் முடியட்டும், பொறவு கிழிங்க."

கத்திரிக்கோல் சட்டைப் பைக்குள் போனது. இடத்தானின் உயிர் அதோடு சேர்ந்து அந்தப் பைக்குள் போனது.

கூட்டம் கூடியது. வடக்குத் தெருக்காரர்கள் இடத்தான் பக்கம் உட்கார்ந்தார்கள். தெற்குத் தெருக்காரர்கள் வலத்தான் பக்கம். கோமதியும் தெற்குத் தெருக்காரிதான், அரை மைல் தள்ளி இருக்கிற தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமக்கிறவள். புருசனின் மைக்செட் இடத்தான் பக்கம் இருந்ததால் அவளும் அங்கேயே நின்றாள்.

பிரசிடெண்ட் வலத்தானைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

இடத்தான் தெளிவாகச் சொன்னது. வலத்தான் வாயைத் திறந்து பார்த்தது. கஞ்சி விடவில்லை. உள்ளே இருந்த பேச்சு முட்டி மோதி, "ம்ம்ம்… பும்ம்… ம்ம்ம்" என்று வெளியே வந்தது.

"பிரசிடெண்ட் இன்னைக்குக் கம்பீரமாப் பேசுதாரு, என்ன?" என்றார் தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர்.

"என்ன மாமா பேசுதாரு?"

"அது யாருக்குத் தெரியும். பெட்டியைப் பாரு, என்ன வெள்ளை! கை தட்டுல."

தட்டினார்கள். பிரசிடெண்டுக்கு உற்சாகம். அரை மணி நேரம் தன் பெருமையைப் பேசிவிட்டு, மூச்சு வாங்குகிற சாக்கில் ஒரு வரியை வேகமாகச் சொன்னார். "தொட்டித் தண்ணீர் வடக்குத் தெருவுக்குத் தினமும், தெற்குத் தெருவுக்கு வாரத்தில் ஒரு நாளும் வழங்கப்படும்."

இடத்தான் அதை ஒரு எழுத்துக்கூட விடாமல் சொன்னது.

வலத்தான், "ம்ம்ம்… பும்ம்" என்றது. தெற்குத் தெரு எழுந்து நின்று கை தட்டியது.

கோமதிக்குப் பொறுக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

"ஏ கூறுகெட்ட மக்கா! நமக்கு வாரம் ஒரு நாள்தான் தண்ணியாம். அதுக்கா இந்தத் தட்டு தட்டுதிய?"

தட்டிய கைகள் அப்படியே நின்றன. அடுத்த நிமிசம் தெற்குத் தெரு மொத்தமும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இடத்தான் பக்கம் வந்துவிட்டது. "அந்த ஒரு வரியை மறுபடி சொல்லும்" என்று நூறு வாய் கேட்டது. பிரசிடெண்ட் சொல்லவில்லை. காரில் ஏறுகிறபோது மட்டும் ஆவுடையப்பன் காதில் சொன்னார்.

"வலது பக்கப் பெட்டிதான் நல்ல பெட்டி. அடுத்த கூட்டத்துக்கு ரெண்டும் அதே மாதிரி இருக்கணும்."

மறுநாள் ஆவுடையப்பன் இடத்தானை முற்றத்தில் போட்டார். இடத்தான் கண்ணை மூடிக்கொண்டது.

"ஏ கோமதி, ஒரு சட்டி கஞ்சி காய்ச்சு."

கோமதி காலிக் குடத்தை அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். "வாரத்துக்கு ஒரு நாள் தண்ணி. அதுல பிள்ளையளுக்குக் கஞ்சி காய்ச்சவா, உம்ம பெட்டிக்குக் காய்ச்சவா?"

ஆவுடையப்பன் குடத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார்.

அதற்குள் வாசலில் தெற்குத் தெரு ஆட்கள் வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை தொட்டிக்குக் கீழ நம்ம கூட்டம். அந்த மஞ்சப்பொட்டுப் பெட்டி ஒண்ணு போதும்."

இடத்தானை வண்டியில் ஏற்றினார்கள். மூலையில் கொக்கு மாதிரி நின்ற வலத்தான், அதைப் பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னது.

"என்னண்ணே சொல்லுத?" என்றது இடத்தான். "ஒண்ணும் கேக்கலையே."