நடுவில் விட்ட இடம்

"என்ற கடைக்கு வர்ற சனம் வர்றாங்க, பாக்கறாங்க, போயிடறாங்க. ஒரு வார்த்தை கெடையாது. நான் என்ன தப்பு பண்ணிட்டேன், அம்மிணி?"

கேட்டவர் சென்னியப்பன். வயது அறுபத்தொன்று.

கேட்கப்பட்டவள் திலகமணி. வயது முப்பத்தாறு. வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாரோ ஒருவர் கடைக்குத் திரைச்சீலை குத்திக்கொண்டிருந்தாள். அதனால் உடனே பதில் வரவில்லை. குண்டூசி இல்லாவிட்டாலும் வந்திருக்காது, அது வேறு விஷயம்.

கோயமுத்தூருக்கு வெளியே, மூடிப்போன நூல் மில் ஒன்றின் பஞ்சு குடோன் அது. அதை நாற்பது தடுப்பாகத் தடுத்து, பழைய சாமான் விற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு தடுப்பு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடுப்பும் ஒரு கடை. பீங்கான் ஜாடிக்காரர், கிராமபோன்காரர், பழைய பூட்டும் சாவியும் மட்டுமே விற்கிற ஒருவர், இப்படி.

திலகமணிக்கு அங்கே சொந்தக் கடை கிடையாது. அடுத்தவர் கடையை அடுக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. எதை முன்னால் வைப்பது, எதை உயரத்தில் ஏற்றுவது, எந்த விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளுக்குத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அவள் கை பட்ட கடையில் தூங்குமூஞ்சிச் சாமான்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். அவளை வாய் திறக்க வைப்பதுதான் பெரும்பாடு.

சென்னியப்பன் கடையில் இருந்தது எல்லாம் அவர் சம்சாரம் மரகதத்தின் சீதனம். தேக்கு மேசை ஒன்று. பிரம்பு பின்னிய நாற்காலி ஆறு. பித்தளைப் பாத்திரங்கள், காபி பில்டர், சாவி கொடுக்கிற சுவர்க் கடிகாரம்.

மரகதம் போய் ஏழு மாதம் ஆகிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. "என்ற சாமானை எடைக்கு மட்டும் போட்டுறாதீங்க. புழங்கற ஊட்டுக்காப் பாத்துக் குடுங்க."

ஆகட்டும் என்று தலையை ஆட்டிவிட்டார் மனிதர். இருந்த வீட்டை ஒழித்துக் கொடுத்தாயிற்று. இனி ஓசூரில் மகனோடுதான் வாசம். மகனுக்கு ஒற்றை அறை. அங்கே மேசை போட்டால் ஆள் நிற்க முடியாது.

குடோனில் ஒரு சட்டம் உண்டு. மூன்று மாதத்தில் ஒரு சாமான்கூட நகராத கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே கிடப்பது காயலான் கடை வண்டியில் ஏறும்.

எடைக்குத்தான். வேறெதற்கு?

இன்னும் ஆறு நாள் இருந்தது.

திலகமணி குண்டூசியைத் துப்பினாள். "வாங்ணா, பாக்கலாம்."

சென்னியப்பன் முன்னால் நடந்தார். அவர் கடை வாசலில் அவள் நின்றாள். செருப்பைக் கழற்றினாள்.

"அட, செருப்போடயே வாங்க அம்மிணி. கோயிலா இது?"

"தானாக் கழண்டுக்குதுங்ணா."

உள்ளே வந்தாள். சுவர் ஓரமாகவே ஒரு சுற்று வந்தாள். மேசை பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஆறு நாற்காலியும் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, சுவரில் முதுகு சாய்த்து வரிசையாக நின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. தெற்குப் பக்கம் மட்டும் தரையில் ஒரு காமாட்சி விளக்கு. குடோனில் நெருப்பு கூடாது என்பதால் அதில் பாட்டரியில் எரிகிற சின்னத் திரி. பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர்.

"ஊட்டுல எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே வெச்சிருக்கேனுங்க," என்றார் சென்னியப்பன். குரலில் பெருமை இருந்தது, பாவம்.

"நடுவுல எதுக்குங்ணா இத்தனை எடம்?"

"வர்றவங்க நிக்க வேண்டாமுங்களா?"

"நின்னாங்களா?"

யோசித்துப் பார்த்தார். யாரும் நின்றதில்லை. வருகிற எல்லோருமே ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

"இல்லீங்."

"யாராச்சும் எதையாச்சும் கேட்டாங்களா?"

"இது யாருதுன்னு கேப்பாங்க. மரகதத்தோடதுன்னு சொல்லுவேன். அவ எப்படி நோவுல கெடந்தா, எப்படிப் போனா, எல்லாம் சொல்லுவேன். பேச்சைக் கேட்டுட்டுத் தலைய ஆட்டிட்டுப் போயிடுவாங்க."

திலகமணி வெளியே போனாள். குடோன் மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. அதைத் திறந்து இரண்டு காலையும் கழுவிக்கொண்டு போனாள்.

எதையோ மிதித்துவிட்டாள் போல என்று நினைத்தார் சென்னியப்பன். கடையை இரண்டு தடவை கூட்டினார்.

மறுநாள் காலையிலேயே போய் நின்றார்.

"என்ன செய்யோணும்னு வாயைத் தொறந்து சொல்லிப்போடுங்க, அம்மிணி. ராத்திரி கண்ணை மூட முடியலை. எடைத் தட்டுதான் வந்து நிக்குது."

"மத்த கடைப் பக்கம் போயி நில்லுங்க. ஆளுங்க எறங்கிப் போறப்ப என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

அரை நாள் நின்றார். ஜாடிக்காரர் கடையில், பூட்டுக்காரர் கடையில், எல்லா இடத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். என்னமோ உளவு பார்க்க வந்தவர் மாதிரி எல்லோரும் அவரை முறைத்தார்கள்.

திரும்பி வந்து ஒப்பித்தார். "'பாத்துட்டு வர்றோங்க.' 'ஒரு சுத்து சுத்திட்டு வர்றேங்க.' 'ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேங்க.' இதுதான் சொல்றாங்க. முக்காவாசி பொய்யிங்க. எவனும் திரும்பி வர்றதில்லை."

"உங்க கடையில?"

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்தப் பொய்யையாச்சும் சொல்லித் தொலையலாமில்லீங்க? ஒருத்தன் சொல்றதில்லை. சொன்னா நான் என்ன, ஏன் திரும்பி வரலைன்னா கேக்கப் போறேன்? தலையக் குனிஞ்சுட்டு, வந்த தடம் தெரியாமப் போயிடறாங்க."

"ஏனுங்ணா?"

"மருவாதி தெரியாத சனம். வேறென்ன?"

திலகமணி குண்டூசியை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். இனிப் பேச்சு இல்லை என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் சென்னியப்பன் தானே களத்தில் இறங்கினார். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தார். நாற்காலிகளை இன்னும் நெருக்கிச் சுவரோடு ஒட்டினார். மரகதம் எப்போதும் உட்காருகிற நாற்காலி, கைப்பிடியில் ஒரு கீறல் விழுந்தது, அதற்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சாற்றினார். பார்க்க அம்சமாக இருந்தது என்று அவருக்குத் தோன்றியது.

அன்று பதினேழு பேர் வந்தார்கள். ஒரு பெரியவர் நாற்காலியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஓர் அம்மா துள்ளிக் குதித்துக்கொண்டிருந்த மகளை, "சத்தம் போடாத கண்ணு," என்று அதட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

பதினேழு பேரும் பேசாமல்தான் போனார்கள்.

நாலாம் நாள் திலகமணி தானாகவே வந்தாள். செருப்பை வெளியே விட்டாள். சென்னியப்பன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தார்.

"இங்க வேண்டாங்ணா."

"சக்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன்."

"இங்க வேண்டாங்."

ஆறு நாற்காலி இருக்க, அவள் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். விளக்கைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், நடுவில் இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தாள். ஒரு கால் மணி நேரம் ஒரு பேச்சில்லை.  சென்னியப்பனும் உட்கார்ந்தார். கையில் இருந்த டீ ஆறிப்போனது.

பிறகு அவள் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வெளியே இறங்கி நடந்தாள்.

எந்தக் கடையை விட்டு இறங்கினாலும், "வர்றேங்ணா, வர்றேங்க்கா," என்று ஒரு குரல் கொடுக்காமல் போகிறவள் இல்லை திலகமணி. பேசாமடந்தை என்று பேர் எடுத்தவளே அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டதில்லை.

"அம்மிணி! நீங்களுமா? ஒரு வார்த்தை சொல்லாமப் போறீங்களே!"

அவள் திரும்பவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனாள். காலைக் கழுவினாள்.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. அவள் பின்னாலேயே போய்க் கேட்டுவிடுவது என்று வாசலைத் தாண்டினார். தாண்டியவர், டீ கிளாசை உள்ளே வைத்துவிட்டோமே என்று திரும்பிப் பார்த்தார்.

இந்த மூன்று மாதத்தில், வெளியே நின்று தன் கடையைப் பார்த்தது அப்போதுதான்.

சுவரோடு ஒட்டிய நாற்காலிகள். அவற்றைச் சுவரோடு தள்ளியவர் அவரேதான். ஏழு மாதத்துக்கு முன், விடிகாலையில், சனம் வந்து உட்காரட்டும் என்று தன் கையாலேயே தள்ளினார். மேசையைப் பின்னுக்கு இழுத்ததும் அப்போதுதான். நடுவில் இடம் வேண்டியிருந்தது. அங்கேதான் மரகதத்தைக் கிடத்தினார்கள். தெற்கே தலைமாடு. தலைமாட்டில் ஒரு காமாட்சி விளக்கு. ஒரு செம்புத் தண்ணீர்.

முப்பத்து மூன்று வருடம் குடியிருந்த வீடு. அதில் இந்த ஒரு நாளைத்தான் தூக்கிக்கொண்டு வந்து இங்கே அச்சு அசலாக அடுக்கி வைத்திருக்கிறார்.

எழவு வீட்டிலிருந்து யார் சொல்லிக்கொண்டு போவார்கள்?

"ஐயோ," என்றார் சென்னியப்பன். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ மரகதம், உன்னை இன்னும் எடுக்கவே இல்லையே நானு. மூணு மாசமா ஊர்ச்சனத்தையெல்லாம் கூப்புட்டு வெச்சு உன்னைக் காட்டிட்டு இருக்கேனே!"

வாய்விட்டு அழுதார். பூட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலையில் குடோன் திறந்ததும் முதல் ஆளாக வந்தார். பூவை எடுத்தார். விளக்கிலிருந்து பாட்டரியைக் கழற்றினார். செம்புத் தண்ணீரை வெளியே ஊற்றினார். குழாயடியிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் சுமந்து, தரை முழுக்கக் கழுவிவிட்டார். உடம்பை எடுத்த பிறகு வீட்டைக் கழுவுகிற மாதிரிதான்.

மேசையை ஒற்றை ஆளாக இழுத்தார். தேக்கு, அசையவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்தார்கள். திலகமணி. காலில் செருப்பு இருந்தது.

இரண்டு பேருமாக மேசையை நட்டநடுவில் கொண்டுவந்து போட்டார்கள். சென்னியப்பன் நாற்காலிகளைச் சுற்றிலும் நேராக அடுக்கினார்.

"கோணலாப் போடுங்ணா."

"எதுக்குங்க?"

"ஊட்டுல நாற்காலி நேராவா கெடக்கும்?"

ஒன்றை இழுத்துவிட்டார், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. மேசைமேல் காபி பில்டரையும் இரண்டு டவரா செட்டையும் வைத்தார். மரகதம் போன அன்று நிறுத்தின கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அது ஒரு தடவை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"இன்னும் ஏதாச்சும் சொல்லுங்க அம்மிணி."

அவள் எதிர்க்கடை ஏணியில் ஏறிவிட்டாள். வாயில் குண்டூசி.

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. மறுநாளோடு தவணை முடிகிறது. 

இரண்டு மணி வாக்கில் ஒரு சிறுவயசுத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் வாசலில் நிற்கவே இல்லை. விறுவிறுவென்று நடுவுக்கு வந்தாள். "அப்பாடா, கால் கடுக்குது," என்று சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆறு நாற்காலி இருந்தது. அவள் இழுத்தது கைப்பிடியில் கீறல் விழுந்த நாற்காலியை.

சென்னியப்பன் ஓர் அடி முன்னால் வைத்தார். எழுந்திரு தாயி, அது என்ற மரகதம் நாற்காலி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பெண் கீறலை விரலால் தடவினாள். "நல்லா இருக்குதுங்க. யாரு நாற்காலிங்க இது?"

அவர் எதிர்க்கடை ஏணியைப் பார்த்தார். திலகமணி அந்தப் பக்கம் திரும்பித் துணி குத்திக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்கதானுங்களே உக்காந்திருக்கீங்க," என்றார் சென்னியப்பன்.

அவள் சிரித்தாள். புருஷனைப் பார்த்தாள். புருஷன் தலையாட்டினான்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். வாசலில் அந்தப் பெண் திரும்பினாள்.

"வர்றேங்க. அடுத்த மாசம் மேசைக்கு வர்றோம். வித்துப்போடாதீங்க."

மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கிக் கிடந்தார். போயிட்டு வாங்க தாயி என்று சொல்ல வேண்டும்.  அவர் கண் நாற்காலியை விட்டு நகரவில்லை. நாலு காலும் மேலே பார்க்க, ஜாடிக்காரர் கடையைத் தாண்டி, பூட்டுக்காரர் கடையைத் தாண்டி, பெரிய கதவுப் பக்கம் வெயிலில் அது போய்க்கொண்டிருந்தது.

"போயிட்டு வா, மரகதம்," என்றார்.