நூற்றெண்பது நொடி

நாகர்கோவிலில் ஒரு ரத்த வங்கி. அதன் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்துவந்த தாணுமாலயனுக்கு, ஐம்பத்தோராவது வயதில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் ஆசை வந்தது.

ஆசைக்குக் காரணம் இருந்தது. அரிய வகை ரத்தம் வேண்டுமென்று யாராவது கேட்டால், கிழிந்த நோட்டு ஒன்றைப் புரட்டி ஊர் ஊராகப் போன் போட வேண்டியிருந்தது. தெற்கு மாவட்டங்களின் கொடையாளர் பட்டியலெல்லாம் இப்போது ஒரே சர்வரில் இருக்கிறது, ஒரு புரோகிராம் எழுதிவிட்டால் அதுவே கேட்டு வாங்கித் தந்துவிடும் என்று கேள்விப்பட்டார். கற்றுக்கொள்ள வடசேரியில் புரோகிராம் எழுதச் சொல்லித்தந்த பெனிட்டாவிடம் போனார்.

பெனிட்டாவுக்கு இருபத்தொன்பது வயது. அவளை அவர் ஆசானே என்றுதான் கூப்பிடுவார். வங்கியில் மற்றவர்கள் சிரித்தார்கள். சிலம்பம் சொல்லித்தந்தவரை அப்படித்தானே கூப்பிட்டேன், அவருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருந்தது என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எட்டு மாதத்தில் புரோகிராம் ஓடத் தொடங்கியது. ரத்த வகையைத் தட்டினால் சர்வருக்குக் கேள்வி போகும். பெயரும் ஊரும் போன் எண்ணும் திரும்பி வரும். எதுவும் வராவிட்டால் 'யாரும் இல்லை' என்று திரையில் காட்டும்படி எழுதியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை முற்பகலில், பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து டாக்டர் பேசினார். செல்வகனி என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் ரத்தப்போக்கு அடங்கவில்லை. அவளுக்குப் பம்பாய் வகை ரத்தம். பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அது இருக்கும். அந்த வகைக்காரர்களுக்கு வேறு எந்த ரத்தமும் ஆகாது. பக்கத்தில் கிடைக்குமென்றால் சாயங்காலம்வரை தாங்கிப்பிடிக்கிறோம், கிடைக்காதென்றால் இப்போதே ஆம்புலன்சில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும், வழியில் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கால் மணி நேரத்தில் பதில் சொல்லச் சொன்னார்.

தாணுமாலயன் தட்டினார். யாரும் இல்லை என்று வந்தது.

மறுபடி தட்டினார். யாரும் இல்லை.

கைவிடாமல் பத்துப் பதினைந்து தடவை தட்டினார். பழைய நோட்டில் இருந்த ஒரே எண்ணுக்குப் போன் போட்டார். அந்த மனிதர் இரண்டு வருடத்துக்கு முன்பே வெளிநாடு போய்விட்டதாக அவர் மனைவி சொன்னாள். கிடைக்காது என்று டாக்டருக்குச் சொல்லிவிடலாம் எனத் தாணுமாலயன் போனை எடுத்தபோது பெனிட்டா உள்ளே வந்தாள். வியாழக்கிழமைதோறும் அவர் எழுதியதைப் பார்க்க வருவது அவள் வழக்கம்.

அவர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"யாரும் இல்லைன்னு சர்வர் சொல்லுச்சா, நீங்க சொல்லுகீங்களா அண்ணே?"

தாணுமாலயன் திரையைக் காட்டினார்.

"அது நீங்க எழுதின வரி. சர்வர் என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. வெறுமையா வந்துது."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்பதுபோல, வெளியிலிருந்து ஒரு ரத்தப் பை வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றாள்.

"மேலே ஒட்டியிருக்கிற சீட்டை."

"உள்ளே இருக்கிற ரத்தத்தை?"

"கண்ணால பாத்தா எல்லாம் ஒரே சிவப்புதானே ஆசானே."

சொல்லி முடித்ததும் அவர் கை தானாகவே விசைப்பலகைக்குப் போனது. பதில் ஒவ்வொன்றும் தலையில் சில வரிகளைச் சுமந்துகொண்டுதான் வரும், ஹெடர் என்பார்கள் என்று அவள் முதல் மாதமே சொல்லியிருந்தாள். பெயரும் ஊரும் உள்ளே இருக்கும்போது தலையில் இருப்பதை யார் பார்ப்பார்கள் என்று அவர் அதைத் தாண்டிப் போயிருந்தார். இப்போது மூன்றே வரி சேர்த்தார். வந்த பதிலின் ஹெடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் காட்டு என்று எழுதி, ஓடவிட்டார்.

முதல் வரியில் 429 என்ற எண். அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று அதற்குப் பொருள். கீழே தேதி, சர்வரின் பெயர், பதிலின் நீளம் சைபர். கடைசியில் ரீட்ரை-ஆஃப்டர் என்று போட்டு, பக்கத்தில் 180.

"நூத்தியெண்பது நொடி கழிச்சு மறுபடி கேளுன்னு சொல்லுது" என்றாள் பெனிட்டா.

அன்று காலையிலிருந்தே ஏதோ திருத்தத்தைச் சோதித்துப் பார்க்க அவர் நூறு தடவைக்கு மேல் கேட்டிருந்தார். ஆஸ்பத்திரிப் போன் வந்த பிறகு கேட்டது வேறு. அளவு தாண்டிய பிறகு ஒவ்வொரு தடவையும் சர்வர் இதையே சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் மறுபடி தட்டி, அந்த மூன்று நிமிடத்தை முதலிலிருந்து தொடங்கவைத்திருக்கிறார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது. விரல் விசைக்குப் போனது. பெனிட்டா கைப்பையை எடுத்து விசைப்பலகையின்மேல் வைத்தாள்.

அந்த மூன்று நிமிடத்தில் அவர் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தார். குழாயில் தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பினார். பெனிட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமானதும் பையை எடுத்துக்கொண்டாள்.

அவர் ஒரே ஒரு தடவை தட்டினார்.

இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவர் தூத்துக்குடி. இன்னொருவர் மார்த்தாண்டத்தில் தேன் கடை வைத்திருக்கும் ஒரு பெண், பெயர் லீலாபாய். போனை எடுத்தவள், கடையை அடைத்துவிட்டு வருகிறேன், பஸ்ஸிலா காரிலா என்று மட்டும் கேட்டாள்.

கெடு முடியுமுன்பே தாணுமாலயன் டாக்டரிடம் ரத்தம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். ஒன்றரை மணிக்கு லீலாபாய் வந்தாள். ரத்தம் எடுத்து, சோதித்து, தாணுமாலயனே ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஐந்து மணிக்கு ரத்தப்போக்கு நின்றது. டாக்டர் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி, இனிப் பயமில்லை என்றார். செல்வகனியின் கணவன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தாணுமாலயனும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வங்கிக்குத் திரும்பி வருகிறபோது அவர் முகம் மறுபடி கறுத்திருந்தது. பெனிட்டா இன்னும் போகாமல் இருந்தாள். போன வெள்ளிக்கிழமையும் ஒரு ஆஸ்பத்திரிக்கு யாரும் இல்லை என்று சொன்னேன், அன்றைக்கும் சோதித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"போன் போட்டுக் கேளுங்க அண்ணே."

அவர் அந்த ஆஸ்பத்திரியின் எண்ணைப் போட்டார். எதிர்முனையில் இருந்த நர்ஸ் பதிவேட்டைப் புரட்ட நேரமெடுத்துக்கொண்டாள். அன்றைக்கே நோயாளியின் தம்பிக்கு அதே வகை ரத்தம் என்று தெரிந்து அவனே கொடுத்துவிட்டானாம். நோயாளி திங்கட்கிழமை நடந்தே வீட்டுக்குப் போனாராம்.

அவர் போனை வைத்துவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெனிட்டா பார்க்காததுபோல் இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் விசைப்பலகையை இழுத்து எழுத ஆரம்பித்தார். இனி 429 வந்தால் 'யாரும் இல்லை' என்று காட்டக் கூடாது, பொறுத்திருந்து கேட்க வேண்டும். அதுவரை எழுதி நிறுத்தினார்.

"எத்தனை நொடி பொறுக்கணும்னு எழுதட்டும் ஆசானே? நூத்தியெண்பதுன்னே போட்டுரவா?"

பெனிட்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அதை ஏன் எங்கிட்ட கேக்கீங்க அண்ணே? சர்வர்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லுதே."