சுங்கம் கட்டாத மீசை

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். அதற்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் இப்போதே இல்லை. முதலில் வரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கேளுங்கள்.

மருதவன நாட்டில் எந்தச் சரக்கு வந்தாலும் கோட்டை வாசல் சாவடியில் சுங்கம் கட்டி, முத்திரை குத்திக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போகும். ஆற்றுக்கு அக்கரையில் வேறு ராஜ்ஜியம். அங்கிருந்த வியாபாரிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இக்கரையில் வீட்டுக்கு வீடு ஒரு புறாவைக் கொடுத்துவிட்டார்கள். வேண்டியதைச் சீட்டில் எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிட்டால் போதும். பரிசல்காரன் வந்து கொல்லைப்புறத்தில் சாமானைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். சாவடியும் இல்லை, சுங்கமும் இல்லை. உள்ளூர்க் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள்.

"அக்கரையில வாங்கினவங்க தாங்களாவே வந்து சுங்கத்தைக் கட்டணும்!" என்று ராஜா தெய்வநாயக ராயர் தண்டோரா போடச் சொன்னார். தண்டோராக்காரனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு குஞ்சுகூட வரவில்லை.

சிரிப்பு வந்ததா? வராது. இப்போதுதானே சுங்கத் தலைவர் பூவராகர் உள்ளே வருகிறார்!

அவருக்கு மீசை என்றால் அப்படி ஒரு மீசை. மூக்குக்கு இந்தப் பக்கம் ஓர் அணில், அந்தப் பக்கம் ஓர் அணில் படுத்திருப்பது போல இருக்கும். அது அக்கரையிலிருந்து வரவழைத்துப் பிசின் வைத்து ஒட்டிய மீசை என்பது அவருக்கும் அவர் வீட்டுப் புறாவுக்கும் மட்டுமே தெரியும். கட்டிய பெண்டாட்டிக்கே தெரியாது.

அவருக்கு இருந்த ஒரே பயம் செங்கமலம். சபையில் எல்லோரையும் போலப் பேசிக்காட்டி ராஜாவைச் சிரிக்க வைப்பவள் அவள். தளபதியின் திக்குவாய், புரோகிதரின் ஏப்பம், ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். போன வாரம் பூவராகரைப் போல நடந்துகாட்டியபோது, நடுவில் மேலுதட்டை இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினாள். இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று பூவராகர் புரிந்துகொண்டார். இவள் வாயை அடைக்காவிட்டால் மீசை போய்விடும். மீசை போனால் மானமும் போய்விடும்.

"மகாராஜா," என்று குழைந்தார். "யார் வீட்டையும் சோதனை போடாம, யாரையும் மிரட்டாம, ஜனங்களைத் தானா வந்து கட்ட வைக்கணும்னா நம்ம செங்கமலத்தால்தான் ஆகும். எம்மாம் பெரிய வாய்! முடியலேன்னா இனிமே சபையிலே அந்த வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"என்ன சொல்றே செங்கமலம்?" என்றார் ராஜா.

"ஆகட்டும் மகாராஜா. ஆனா சாவடியிலே நான்தான் உட்காருவேன். நான் வாங்கச் சொன்னாத்தான் காசு வாங்கணும்."

"தாராளமா உட்காரு தாயே! பாய்கூட நானே போடறேன்," என்றார் பூவராகர்.

மறுநாள் தண்டோரா வேறு மாதிரி கேட்டது.

"இதனால் சகலமானவங்களுக்கும்! அக்கரைச் சாமான்னு சொல்லி உள்ளூர்ப் போலியை நிறையப் பேர் தலையிலே கட்டிட்டாங்க! அசலுக்கு மட்டும்தான் சுங்கம்! ஏமாந்தவங்க பாவம், வர வேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம்!"

பூவராகர் கையைக் கொட்டிச் சிரித்தார். வர வேண்டாம் என்று சொன்னால் எந்தப் பைத்தியம் வரும்?

வெயில் ஏறுவதற்குள் வந்தாள், தளபதியின் மனைவி கோதை. கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

செங்கமலம் அதைத் திருப்பிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "அடப் பாவமே! நம்ம ஊர்ச் சாமான்தாம்மா. சுங்கமெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

"மெதுவாப் பேசுடி! எதிர்வீட்டுக்காரி பின்னாலதான் நிக்கிறா! இது அசல்! பிடி காசை!"

"ஐயோ, வேண்டாம்மா."

"பிடிடீன்னா பிடி! நல்லாப் பளிச்சுன்னு தெரியற மாதிரி முத்திரையைக் குத்து!"

அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அண்டா வந்தது, ஊஞ்சல் வந்தது, தலையில் கட்டிலைச் சுமந்துகொண்டு புரோகிதர் வந்தார். பாதி தின்ற அக்கரை அல்வாவுக்கு முத்திரை கேட்டு ஒரு புலவர் தரையில் உருண்டார். ஒன்றுமே வாங்காத ஓர் ஏழை, புறாவையே தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "இதுவும் அக்கரைதாங்க, தட்டிக் கழிச்சுடாதீங்க!" என்று கெஞ்சினான்.

வேடிக்கை பார்க்க ராஜா பல்லக்கில் வந்தார். கூடவே பூவராகர், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க. ஆத்திரத்தில் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"சுங்கத் தலைவர் மட்டும் கட்ட வேண்டாம்," என்றாள் செங்கமலம். "அவர் மீசை உள்ளூர்."

பூவராகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமா ஆமா! சுத்த உள்ளூர்!"

"அதான் பார்த்தேன். நம்ம லாயத்துக் கிழட்டுக் குதிரைக்கு வாலைக் காணோம்னாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூவராகர் பல்லைக் கடித்தார்.

"குதிரை வால் பளபளன்னு இருக்குமேடி," என்றாள் கோதை, முத்திரை குத்திய கண்ணாடியை விசிறிக்கொண்டே. "இது கழுதை வாலு. எங்க வீட்டு வெளக்குமாறு தேஞ்சா இப்படித்தான் இருக்கும்."

"பாவம், யாரோ ஏமாத்திட்டாங்க," என்றான் புறாக்காரன்.

இந்தப் பரதேசி பரிதாபப்பட்டதைத்தான் பூவராகரால் தாங்க முடியவில்லை.

"வெளக்குமாறா? யாருடா ஏமாந்தது? அக்கரைக் கரடி மயிர்டா இது! புறா விட்டு வரவழைச்சது! இதோ பாருங்க, கடைக்காரன் அடையாளம்!" சர்ரென்று மீசையை உரித்து உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "பிடி சுங்கம்! குத்துடி முத்திரையை!"

செங்கமலம் காசை வாங்கிக்கொண்டு பணிவாகக் குத்தினாள்.

பூவராகர் மீசையைத் தலைக்கு மேலே தூக்கி நாலு பக்கமும் சுற்றிக் காட்டினார். ஊரே வாயைப் பிளந்து நின்றது. அசலைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று அவருக்கு ஒரே பெருமை. பல்லக்கு ஏன் இப்படி ஆடுகிறது என்றுதான் புரியவில்லை. உள்ளே ராஜா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கைக் கங்கணத்தைக் கழற்றிச் செங்கமலத்திடம் வீசினார்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. மேலுதட்டில் ஜில்லென்று பட்டது.

பூவராகர் கையை மெல்லக் கீழே இறக்கினார். மீசையைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார்.

"ஏம்மா செங்கமலம்," என்றார் ஈனஸ்வரத்தில், "நீ உள்ளூர்னு சொன்னப்பவே நான் வீட்டுக்குப் போயிருக்கணுமோ?"